மந்திரித்த பி.எஸ்.பி.யும் பிரிஜா மைனியும்

எங்கள் ஊரில் கடலுக்குப் போகிற எந்தப் பொருளும் மந்திரிக்காமல் போகாது. மந்திரிப்பது என்றதும் வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம். பங்குச் சாமியார், அதாவது பாதிரியார், ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பதைத்தான் அப்படிச் சொல்லுவோம். புது வள்ளம் என்றால் அவரே கரைக்கு இறங்கி வருவார். புது எஞ்சின் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். வலை, ஐஸ் பெட்டி, எல்லாம் அப்படித்தான். ஒரு தடவை என் அம்மா செசிலி ஒரு புது டார்ச் லைட்டைக்கூடக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள்.

அந்த அம்மா ஒரு பி.எஸ்.பி.யையும், அதாவது கையில் வைத்து வீடியோ கேம் விளையாடுகிற சாதனத்தையும், மந்திரித்தாள். அதனால் பிரிஜா மைனியின் கடை கையை விட்டுப் போகப் பார்த்தது. மைனியைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை. யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மைனி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ததேயுஸ் அண்ணனின் மனைவி. ஊரில் எல்லா அண்ணன்மாரின் மனைவிகளும் எங்களுக்கு மைனிதான். பிரிஜா மைனியின் சொந்த ஊர் அருமனைப் பக்கம், கடலே தெரியாத இடம். அவர்கள் அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் அடுக்களைக்குள் கேட்கிற எங்கள் கரைக்கு அவர்கள் கல்யாணமாகி வந்த வாரத்தில், ஒரு வாளி சாளை மீனை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே பிடித்து எப்படி வெட்டுவது என்று தெரியாமல் நின்றார்களாம். அதைப் பார்க்கவே நாலு வீட்டுப் பெண்கள் வந்தார்களாம். அன்றைக்கு ஒட்டிய பெயர் 'ரப்பர்காரி'. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகு திரும்பினால் அதுதான் பெயர்.

கல்யாணமான கையோடு ததேயுஸ் அண்ணன் பஹ்ரைனுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டார். மைனி கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்தவர்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பங்குச் சாமியாரிடம் போய், கோயிலுக்குச் சொந்தமான கடை வரிசையில் ஓர் அறை கேட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வந்து பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். கல்யாணக் கார்டு அடிக்க, கல்லூரி விண்ணப்பம் போட, வளைகுடாவில் இருக்கிறவர்களின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேச என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற மைனி கடைக்குள் வந்துவிட்டால் வேறு ஆள். குரலே மாறிவிடும். "ஏலே, மானிட்டர்ல விரலை வைக்காத, அது என்ன கண்ணாடி அலமாரியா?" என்று அதட்டுவார்கள். அந்த அறை இல்லை என்றால் எங்கள் ஊரில் மைனிக்கு நிற்க இடமே கிடையாது. இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

கேம் ஏற்றிக் கொடுக்கிற வேலை தானாக வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் தன் பி.எஸ்.பி.யைக் கொண்டுவந்து, "இதுல புதுசா ஆட்டம் ஏத்தித் தர ஒக்குமா?" என்று கேட்டிருக்கிறார். மைனி அதுவரை அந்தச் சாதனத்தைத் தொட்டதுகூட இல்லை. "நாளைக்கு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் யாரோ இணையத்தில் எழுதி வைத்ததையெல்லாம் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு படித்தார்கள். மறுநாள் ஏற்றியும் கொடுத்துவிட்டார்கள்!

அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். கேபிளின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகி, இன்னொரு முனையைப் பி.எஸ்.பி.யில் செருகி, அதன் மெனுவில் யு.எஸ்.பி. என்பதை அமுக்கினால் போதும். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு டிரைவ் பிறந்துவிடும். இறக்கி வைத்த கேம் ஃபைலை அதற்கென்று இருக்கும் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட வேண்டும். வேறு ஃபோல்டரில் விழுந்தால் கேம் உள்ளே இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு திரையில் அந்தச் சின்னக் காகிதங்கள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும். பி.எஸ்.பி.யின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு மினுங்கும். மினுங்கும்போது கேபிளை யாராவது தொட்டால் மைனிக்குக் கொலைவெறி வரும். "சாப்பிட்டுட்டு இருக்கவனுக்க இலையை இழுப்பியாலே?" என்பார்கள்.

2010-ஆம் வருஷம் என் அண்ணன் ஷிபு கொச்சித் துறைமுகத்தில் ஆழ்கடல் போட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கரையே பார்க்க மாட்டார்கள். தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம்தான் மனுஷனைத் தின்னும் என்பான். கூட வேலை செய்த ஒருவனிடமிருந்து பழைய பி.எஸ்.பி. ஒன்றை வாங்கிக்கொண்டு லீவுக்கு வந்தான். திங்கள்கிழமை திரும்பிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை நானும் அவனும் மைனியின் கடைக்குப் போய், கால்பந்து விளையாட்டு ஒன்றும் கார் ரேஸ் ஒன்றும் ஏற்றிக்கொண்டு வந்தோம். பந்து விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே நான் அவனை ஜெயித்தேன். இதை எழுதாமல் விட மனசில்லை.

சனிக்கிழமை காலையில் ஷிபு பி.எஸ்.பி.யை இயக்கினான். கேம் இல்லை. ஒன்றுமே இல்லை. கேமைச் சேமித்து வைக்கிற சின்ன மெமரி ஸ்டிக்கே செருகப்படவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. கழற்றி மாட்டினான். அப்போதும் அதே எழுத்து.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னலே?"

"ஆட்டம் எல்லாம் போச்சு."

"போச்சா? எங்க போச்சு? நேத்து சாயங்காலம் நான் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிச்சு வச்சேனே!"

அம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். இரண்டையும் இரண்டையும் கூட்டி அவள் எட்டுக்குப் போய்விட்டாள். தீர்த்தம் பட்டதும் ஓடிப்போனது என்றால் அது நல்ல சாதனமாக இருக்குமா? சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். அம்மா மீன் கூடையோடு தெருவில் கூவி விற்கிறவள். அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"ஏ பிரிஜா! எதையாட்டி எனக்க மொவனுக்க மிஷின்ல கேற்றி விட்ட?"

மைனி வெளியே வந்தார்கள். "என்ன மாமி? என்ன ஆச்சு?"

"தீர்த்தம் பட்டதும் எல்லாம் ஓடிப்போச்சு! நல்லது எண்ணா ஓடுமா? சாத்தானுக்க ஆட்டத்தையா ஏத்தி விட்ட? இதை வச்சோண்டு அவன் நடுக்கடலுக்குப் போவணுமா?"

ஆள் கூடிவிட்டது. அந்த வழியாக வந்த சிலுவைமுத்து மாமாவும் நின்றார். அவர்தான் ஊர்க் கமிட்டித் தலைவர். பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் போகாமல் அந்தக் கடையில் கிடக்கிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது.

"பிள்ளே," என்றார் மைனியிடம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இது கோயிலுக்க கட்டடம். கோயில் கட்டடத்துல தீர்த்தத்துக்குப் பயப்படுத சாதனம் விக்காண்டாம். நாளைக்குப் பூசை முடிஞ்சு கமிட்டி கூடுது. சாவியைக் கையில எடுத்துட்டு வா."

மைனி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மதியம் ஷிபுவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மைனி ஒரு கம்ப்யூட்டரையும் இயக்காமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மைனி, இதை ஒண்ணு பாக்கியளா?" என்று ஷிபு பி.எஸ்.பி.யை நீட்டினான்.

"எதுக்கு மக்கா? இனி நான் தொட்டா அதுக்கும் ஒரு கமிட்டி கூடும்." சொல்லிக்கொண்டே கை நீட்டிவிட்டார்கள். மெமரி ஸ்டிக் செருகுகிற சின்னக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். அதன் பொன்னிறக் கோடுகள்மேல் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்கள்.

"உப்பு," என்றார்கள்.

"கடலுக்கே இன்னும் போவல்லியே!" என்றான் ஷிபு.

"அதாக்கும் நானும் கேக்கேன்," என்று மைனி என்னைப் பார்த்தார்கள். "ஜெனிலா, சாமியார் தெளிச்சா இவ்வளவு உள்ள போவாது. வீட்டுல வேற என்னவாவது நடந்ததா?"

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் சண்டை போடாமல், கொஞ்சம் செல்லமாகக் கேட்டேன். அவளுக்கு மறைக்கத் தோன்றவே இல்லை. பெருமையாகச் சொன்னாள். சாமியார் மேலே நாலு சொட்டுத்தான் தெளித்தாராம். அது போதுமா? ஆட்டம் உள்ளேதானே ஓடுகிறது? அதனால் வீட்டிலிருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்து, திருநாளுக்கு மந்திரித்து வைத்திருந்த உப்பையும் அதில் போட்டுக் கலக்கி, அந்தச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே ஊற்றினாளாம். "வாசலை வச்சிருக்கானுவ இல்லியா, அது வழியா ஊத்தினேன்."

திரும்பி ஓடிவந்து சொன்னதும் மைனி என்னை விழித்துப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். கடைசியில் அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு மைனி!" என்றேன். "நாளைக்குக் கமிட்டியில இதைப் பறஞ்சா போதும். கடை தப்பும்!"

"பறயாண்டாம்." சொல்ல வேண்டாமாம்.

"என்ன மைனி?"

"கேளு மக்கா. நாளைக்கு ஊருக்க முன்னால நான் எந்திரிச்சு, செசிலி மாமி உப்பு ஊத்தினதாக்கும் காரணம்ணு பறஞ்சா என்ன ஆவும்? மாமி தெருத் தெருவா மீன் விக்கணும். போற வீட்டுல எல்லாம் சிரிப்பானுவ. பிள்ளைக்குக் கடல்ல ஒண்ணும் ஆவக்கூடாதுண்ணு செய்ததை வச்சு பெத்த தள்ளையைப் பாத்து ஊரு சிரிக்கணுமா? எனக்கு ஒக்காது."

"பின்ன கடை?"

மைனி ஸ்டிக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். "இந்த ஸ்டிக்கைச் சரி செய்ய முடியுதாண்ணு பாப்போம். திங்கக்கிழமை இவன் போவணும்லா?" என்றார்கள்.

நாளைக்குக் கடை போகப் போகிறது. அப்போதும் மைனிக்கு அண்ணனின் மெமரி ஸ்டிக் பற்றிய கவலை.

மைனி முதலில் அதை வெயிலில் காயவைக்கலாம் என்று நினைத்தார்கள். ஷிபு தடுத்தான். "உலத்தினா தண்ணிதான் போவும் மைனி, உப்பு அங்கேயே இருக்கும். உப்புத் தண்ணி கேறின எஞ்சினை நாங்க வெயில்ல வைக்க மாட்டோம். நல்ல தண்ணி விட்டுக் கழுவித்தான் உலத்துவோம்."

"இதைத் தண்ணியில கழுவவா? பேடியா இருக்கு மக்கா."

"தண்ணி வேண்டாம். சீக்கிரம் காயுதது எதாவது?"

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வீட்டிலிருந்து நான் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். பஞ்சைச் சின்னக் குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, மைனி ஒவ்வொரு கோடாகத் துடைத்தார்கள். குழந்தையின் காது துடைக்கிற மாதிரி. பிறகு செருகுகிற இடத்தையும் துடைத்தார்கள். காயவிட்டு, கழற்றி வைத்திருந்த பேட்டரியை மாட்டி, இயக்கினார்கள். மெமரி ஸ்டிக் தெரிந்தது! நான் கத்தியதில் தெருவே திரும்பியிருக்கும். ஆனால் உள்ளே கேம் ஃபைல் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும்.

கேபிளைச் செருகினார்கள். காகிதங்கள் பறக்க ஆரம்பித்தன. பாதி வழியில் கரண்டு போய்விட்டது.

யு.பி.எஸ். கீச் கீச் என்று அலற ஆரம்பித்தது. பழைய யு.பி.எஸ்., அது தாங்குவதே கொஞ்ச நேரம்தான். "மானிட்டரை அணைச்சுப் போடு! பெரிசா கரண்டைத் தின்னுதது அதாக்கும்!" என்றார்கள் மைனி. நான் அணைத்தேன். ஷிபு மற்ற பிளக்குகளையெல்லாம் பிடுங்கினான். இப்போது திரையில் ஒன்றும் தெரியாது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது, நின்றுவிட்டதா, ஒன்றும் தெரியாது. பி.எஸ்.பி.யின் ஆரஞ்சு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மூச்சுகூட விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. மைனியின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. பி.எஸ்.பி.மேல் ஒரு சொட்டும் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சேலையில் துடைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மா வாசலில் வந்து நின்றாள். எங்களை இழுத்துக்கொண்டு போக வந்தவள்.

"ஏட்டி ஜெனிலா, இஞ்ச என்ன செய்யுத? எந்திரி!"

"அம்மா, சத்தம் போடாத. பைய!" என்றான் ஷிபு. "கேறிட்டு இருக்கு."

"இருட்டுக்குள்ள என்னலே கேறுது?"

"நீ உப்புத் தண்ணி ஊத்தினேல்லியா, அதுல கெட்டுப்போன ஆட்டம். மைனி முதல்ல இருந்து ஏத்துது."

"நான் ஊத்தினதுலயா?"

"பின்ன? எஞ்சினுக்குள்ள உப்புத் தண்ணி போனா ஓடுமா அம்மா?"

அம்மா வாயைத் திறந்தாள். எங்கள் அப்பா கடலில் இருந்த காலத்தில் எத்தனை எஞ்சின் கழுவுவதைப் பார்த்தவள் அவள். வாயை மூடினாள். மைனியைப் பார்த்தாள். மைனி விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அம்மா உள்ளே வந்தாள். ஓரத்தில் கிடந்த ஓர் அட்டையை எடுத்து மைனிக்கு வீச ஆரம்பித்தாள். யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று நெருக்கமாகக் கத்த ஆரம்பித்தது. சாகப்போகிற சத்தம் அது. ஆரஞ்சு விளக்கு நின்றது. மைனி மானிட்டரை ஒரு நொடி இயக்கிப் பார்த்தார்கள். முடிந்திருந்தது. கேபிளை முறைப்படி விடுவித்து உருவிய உடனே யு.பி.எஸ். உயிரை விட்டது.

ஷிபு கேமை இயக்கினான். பந்து மைதானத்தின் கூட்டச் சத்தம் அந்த இருட்டு அறையில் எழுந்தது. நான் மைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அம்மா அட்டையைக் கீழே வைத்தாள். மைனியிடம் ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் வெளியே போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மைனி மட்டும், "விடு மக்கா" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் பூசை முடிந்து கமிட்டி கூடினால் ஊரே கூடியதுதான். கோயில் முற்றத்தில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் மேஜையும் நாற்காலியும் போட்டுச் சாமியாரும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். மைனி ஒரு கையில் கடைச் சாவியும் மறு கையில் அண்ணனின் பி.எஸ்.பி.யுமாக நின்றார்கள்.

"பறயதுக்கு என்ன இருக்கு சாமி?" என்று ஆரம்பித்தார் சிலுவைமுத்து மாமா. "தீர்த்தம் பட்டதும் அதுக்குள்ள இருந்தது ஓடிப்போச்சு. ஊருக்கே தெரியும்."

சாமியார் மைனியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

மைனி பி.எஸ்.பி.யை இயக்கி நீட்டினார்கள். "ஆட்டம் இருக்கு சாமி. வெறும் பந்து விளையாட்டு. பாருங்க."

நான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"திரும்பி வந்துட்டா?" என்றார் சிலுவைமுத்து மாமா. "அப்பம் தீர்த்தத்துக்கும் அடங்காத சாதனமா? இது அதைவிட மோசம்லா!"

கூட்டம் முணுமுணுத்தது. போனாலும் பேய், வந்தாலும் பேய். மைனிக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல இருந்த ஒன்றையும் சொல்லப்போவதில்லை. குனிந்து சாவியை மேஜைமேல் வைத்தார்கள்.

"நில்லு!"

பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள்.

"பேயுமில்ல பிசாசுமில்ல. பேய் எண்ணா அது நாந்தான்."

"செசிலி, கமிட்டி பேசும்போ..." என்றார் சிலுவைமுத்து மாமா.

"நீ இருவே. சாமி, நீங்க மேல தெளிச்சிய. எனக்கு மனசு ஆறல்ல. மேல பட்டா அது பெயிண்டுக்குக் கிடைச்ச ஆசீர்வாதம்லா? ஆட்டம் உள்ளல்லா ஓடுது? வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலைத் திறந்து உள்ள ஊத்தினேன்."

சாமியார் நாற்காலியில் முன்னால் வந்தார். "உள்ள ஊத்தினியளா?"

"வெறும் தீர்த்தம் இல்ல. மந்திரிச்ச உப்பும் கலக்கித்தான். ரெண்டும் சேந்தா பலம் கூடும்லா சாமி?"

சாமியார் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அம்மா சிலுவைமுத்து மாமாவிடம் திரும்பினாள். "ஏ, உனக்க எஞ்சினை மந்திரிச்சப்போ கார்புரேட்டரைத் திறந்து உப்புத் தண்ணி ஊத்தினியா?"

"எனக்கு என்ன கிறுக்கா?"

"எனக்குக் கிறுக்கு. அதுக்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

முற்றம் முழுவதும் சிரித்தது. மைனி பயந்த அதே சிரிப்பு. அம்மா அசையாமல் நின்று அதை வாங்கிக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் மறக்கவே முடியாது.

"நேத்தே இவளுக்கு இது தெரியும். ஒரு வார்த்தை பறஞ்சிருந்தா கடை தப்பியிருக்கும். பறயல்ல. எனக்க மொவனுக்க சாமானை வேர்த்து வடிஞ்சு நன்னாக்கித் தந்துட்டு, வாயை மூடிட்டு இஞ்ச வந்து சாவியை வைக்கா. நான் மீன் விக்க வீடெல்லாம் ஏறி இறங்கியிருக்கேன். இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்ல."

சாமியார்தான் சாவியை எடுத்து மைனியின் கையில் திரும்ப வைத்தார். "கடை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஞானோபதேசம் முடியிற வரைக்கும் ஷட்டரை இறக்கிப் போடும்மா. சிலுவைமுத்து, சரிதானே?"

சிலுவைமுத்து மாமா பி.எஸ்.பி.யைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிதான் சாமி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதுல பிரேசில் உண்டுமா பிள்ளே?" என்று கேட்டார்.

"உண்டு மாமா," என்றார்கள் மைனி. குரல் உடைந்துவிட்டது.

ஞானோபதேசம் முடிந்த மணி அடித்ததும் மைனி கடை ஷட்டரைத் தூக்கப் போனார்கள். அம்மா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். நான் தூக்க நினைத்த பக்கத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"அழாதட்டி, ஆளுவ வருது," என்றாள் அம்மா. பிறகு, இதுவரை நான் கேட்டிராத ஒரு கூச்சத்தோடு, "எனக்க தங்கச்சி குவைத்துல இருக்கா. கண்டு எத்தனையோ வருசமாச்சு. அவளுக்க மூஞ்சியை இதுல காட்டித் தர ஒக்குமா?" என்று கேட்டாள்.

மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரை வாங்கிச் சித்திக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் வரச் சொன்னார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கேமராவைச் சரிசெய்தார்கள். திரையில் சித்தியின் முகம் வந்தது. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். மானிட்டரில் விரல் வைத்ததற்கு மைனி அதட்டவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கண்ணால் கூப்பிட்டு, அம்மாவை அங்கே தனியாக விட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

நாங்கள் படியில் உட்கார்ந்தோம். மைனிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு நெஞ்சு முட்டியது. "தேங்க்ஸ் மைனி" என்று வாயெடுத்தால் அது அவ்வளவு சின்னதாக இருந்தது. சொல்லாமலே இருந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உள்ளே அம்மா குவைத்துக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். மைனி தலையைச் சுவரில் சாய்த்து, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.